சீம்: தையலா, மூட்டா, அடுக்கா?

ஆங்கிலத்தில் 'சீம்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. சட்டையில் இரண்டு துணி சேரும் கோடு சீம். கிரிக்கெட் பந்தின் நடுவில் மேடாக ஓடும் தையல் வரிசையும் சீம். பாறைகளுக்கு இடையில் கிடக்கும் நிலக்கரிக்கும் அதே பேர்தான். தமிழாக்கும்போது முதலில் கைக்கு வரும் சொல் 'தையல்'. எந்திர மொழிபெயர்ப்பில் 'நிலக்கரித் தையல்' என்றுகூடப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வருது, சரி. ஆனால் அந்த இடத்தில் நாம் என்ன சொல்ல வேண்டும்?

தைத்தல் என்றால் குத்துதலும்தான். காலில் முள் தைத்தது என்கிறோம். அங்கே எதுவும் எதோடும் சேரவில்லை. நம்ம சொல் ஊசியின் வேலையைப் பார்க்கிறது. ஆங்கிலச் சொல்லும் தைப்பதில் பிறந்ததுதான். ஆனால் அது ஊசி போன பிறகு மிஞ்சும் கோட்டுக்குப் பேராகிவிட்டது. வெட்டிய பாறை முகத்தில் நிலக்கரியும் கறுப்புக் கோடாகத் தெரிவதால், அங்கேயும் அந்தப் பேர் பொருந்திப் போகிறது.

சொல்லைச் சோதிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

சட்டையில் பிரித்தால் துண்டுகள் தனித்தனியாக வரும், துணிக்குச் சேதமில்லை. இதற்குத் 'தையல்' போதும். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் 'மூட்டு' இருக்கிறது. புதுக் கைலி வாங்கியதும் இரண்டு முனையையும் மூட்டித்தானே கட்டுகிறோம்?

பந்தில் கதை வேறு. ஆறு வரிசைத் தையல். தோலைச் சேர்ப்பதோடு அதன் வேலை முடியவில்லை. பந்து அந்த மேட்டில் குத்தினால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகும். காற்றிலேயே வளைவது ஸ்விங், தரையில் பட்டு விலகுவது சீம். நாம் இரண்டையும் 'வேகப்பந்து' என்று ஒரே கூடையில் போடுகிறோம். இந்தியாவில் டெஸ்டுக்குப் பயன்படும் எஸ்ஜி பந்தில் ஆறு வரிசையும் கையால் தைத்தவை. கூக்கபுராவில் வெளி வரிசைகள் எந்திரத் தையல். அதன் மேடு சீக்கிரம் அமுங்கிவிடும். ஒரு நூலும் அறுந்திருக்காது, ஆனால் பந்துவீச்சாளருக்கு வேண்டியது போயிருக்கும். அதனால் இங்கே 'சீம்' என்றே எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

நிலக்கரியில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. சதுப்பில் மடிந்த தாவரங்கள் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அமுங்கிக் கிடந்தன. இங்கே சீம்தான் சரக்கு. எடுத்துவிட்டால் மேலே இருக்கும் நிலத்துக்குத் தாங்கல் இல்லை.

ஜார்க்கண்டில் தன்பாத் பக்கம் இருக்கும் ஜரியாவில் முதல் தீ 1916-இல் பதிவானது. நூறு வருஷம் தாண்டியும் அங்கே தீ அணையவில்லை. இதைத் தமிழில் 'சுரங்கத் தீ' என்கிறோம். இந்தச் சொல்லோடுதான் என் சண்டை. சுரங்கம் என்றதும் நமக்கு ஒரு குழி நினைவுக்கு வரும். நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குத் திறந்தவெளிப் பள்ளம் வரும். குழியில் தீ என்றால் தண்ணீர் ஊற்றலாம், மூடலாம், ஆட்களை வெளியே கூப்பிடலாம். ஜரியாவில் எரிவது குழி இல்லை, நிலக்கரியே. பழைய சுரங்க வழிகளிலும் விரிசல்களிலும் காற்று புகப் புக, தீ அந்த அடுக்கு வழியாகவே நகர்கிறது. அடுக்குக்கு மேலே வீடுகள் இருக்கின்றன. நிலக்கரி எரிந்து சாம்பலான இடம் வெற்றிடம். அதன்மேல் இருக்கும் தரை எந்த நேரமும் உள்வாங்கலாம். அங்கிருந்து மக்களை இடம் மாற்ற 2009-இல் அரசு ஒரு பெருந்திட்டத்துக்கே ஒப்புதல் தர வேண்டியிருந்தது.

'சுரங்கத் தீ' என்று படிப்பவர், "சுரங்கத்தை மூடிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்பார். 'நிலக்கரி அடுக்கு எரிகிறது' என்று எழுதினால், "அந்த அடுக்கு எதுவரைக்கும் போகுது, அதுக்கு மேல யார் இருக்காங்க?" என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. இரண்டாவது கேள்விதான் அங்கே குடியிருப்பவர்களுக்கு வேண்டியது.

ஆகவே மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடாதீர்கள். சட்டைக்குத் தையலோ மூட்டோ, பந்துக்கு சீம், நிலக்கரிக்கு அடுக்கு. ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமானதாக இருக்கலாம். நமக்கு மூன்று இருப்பதில் குறை ஒன்றுமில்லை.