கல்வேலியும் கைத்தொலைபேசியும்

நெடுந்தீவில் வேலி கல்லால் ஆனது. தீவின் நிலத்திலேயே கிடைக்கும் முருகைக் கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளவுக்கு வளவு எல்லை வகுத்திருக்கிறார்கள் அம்மக்கள். குடாநாட்டின் கிடுகு வேலியைப் போல் அது ஆளுயரம் எழுந்து முற்றத்தை மறைத்துவிடுவதில்லை. பெரும்பாலான இடங்களில், இருபுறமும் நிற்பவர்கள் அதற்கு மேலாக முகம் பார்த்துப் பேசலாம். எனினும் அது வேலியே. அழையாமல் அதைத் தாண்டுவது முறையன்று என்பதைத் தீவின் சிறுவனும் அறிவான். ஒளித்துவைப்பது வேறு; எல்லை வகுப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்து அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெருகிவிட்ட காலத்தில், கல்வேலியிலிருந்தே நம் விசாரணையைத் தொடங்குவது பொருத்தமென்று கருதுகிறோம்.

கைத்தொலைபேசியிலும் இணையத்திலும் தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று சொன்னால், இரு திசைகளிலிருந்து எதிர்வாதம் எழுகிறது. “குற்றம் செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்பது ஒன்று, இது அதிகாரத்தின் குரல். மற்றது நம் முற்போக்கு அணிக்குள்ளேயே ஒலிப்பது. அந்தரங்கம் வயிறு நிறைந்தவனின் கவலையாம். நல்ல குடிநீருக்கே அல்லற்படும் தீவக மக்களுக்கு அது எதற்காம்? அதிகாரத்தின் வாதத்தை நாம் பலமுறை எதிர்த்திருக்கிறோம். நம் வீட்டிலேயே பிறந்த இரண்டாம் வாதத்தைத்தான் விமர்சிக்கத் தயங்குகிறோம்.

அதிலும் ஓர் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலி எல்லோருக்கும் ஒரே வகையில் நிழல் தரவில்லை. வசதி படைத்தோரின் வீட்டை அது மறைத்தது. ஒடுக்கப்பட்டோரின் குடிசையோ எவரும் எந்நேரமும் ஏவல் சொல்லி நுழையக்கூடிய வெளியாகக் கிடந்தது. வேலிக்குள் பெண்ணின்மீது நிகழ்ந்த கொடுமையை ‘வீட்டு விவகாரம்’ என்று மூடி மறைக்கவும் அதே வேலி உதவியது. அத்தகைய வேலிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், இதிலிருந்து பெறப்படும் முடிவு என்ன? அந்தரங்கம் சிலரின் சலுகையாக இருந்தது என்றால், அதை எல்லோரின் உரிமையாக்கு என்பதல்லவா முற்போக்காளன் சொல்ல வேண்டியது? எவருக்குமே வேண்டாம் என்பது எவ்வகை நியாயம்?

தன்னைத் திறந்து காட்டும்படி கட்டாயப்படுத்தப்படுவோர் யார் என்பதை வரலாறு சொல்லும். இத்தீவுக்கு டெல்ஃப்ட் என்று தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர், யாழ்ப்பாணப் பகுதியில் தோம்பு எழுதினர். காணி எது, உடையவன் யார், அவன் குடும்பத்தவர் யார், செலுத்த வேண்டிய வரியும் செய்ய வேண்டிய ஊழியமும் எவ்வளவு என்றெல்லாம் அது பதிந்தது. இன்று ஆராய்ச்சியாளருக்குக் கருவூலமாக விளங்கும் அந்த ஏடு, அன்று குடியானவனுக்குக் கழுத்துக் கயிறு. பின்னர் 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டம் வந்தது. அடையாள அட்டை வந்தது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில், அந்த அட்டையிலிருந்த பெயரும் பிறந்த இடமுமே ஒருவரைச் சந்தேக நபராக்கப் போதுமாயிருந்தன. போர் முடிந்த பின்னரும், 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் குடும்பம் குடும்பமாக விபரங்களையும் நிழற்படங்களையும் திரட்டினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்த பிறகே, அப்பதிவு நிறுத்தப்படும் என்று அவ்வாண்டு மார்ச்சில் அரச தரப்பு உறுதி கூறியது.

துப்பாக்கி கேட்டபோது எதிர்த்த நாம், நிவாரணம் கேட்கும்போது மௌனமாயிருக்கிறோம். 2023இல் ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டத்துக்காக வீட்டின் வருமானம், உடைமை, நோய், இயலாமை என யாவும் திரட்டப்பட்டன. தெரிவானோர் பட்டியல்கள் பகிரங்கப்படுத்தப்பட்டன. மேன்முறையீடுகளோடு, பிறர்மீதான ஆட்சேபங்களும் கோரப்பட்டன. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சிந்திக்க வேண்டும்: செல்வந்தனின் வரிக்கணக்கை இந்நாட்டில் எந்தச் சுவரில் ஒட்டுகிறார்கள்? ஏழையின் வறுமை மட்டும் ஏன் ஊரார் படித்து ஆட்சேபிக்கும் பொருளாக வேண்டும்? அந்தரங்கம் வயிறு நிறைந்தவனின் கவலை என்போர் இதற்கு விடை கூறட்டும்.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். எழுத்தறியாத தாய்க்கு வெளியூர் மகனின் கடிதத்தைப் படித்துக் காட்டும் மனிதர் ஒருவர் நம் கிராமங்களில் முன்பு இருந்தார். தபாற்காரரோ, ஆசிரியரோ, அயல்வீட்டு மாணவனோ, எத்தனை குடும்பங்களின் கடனும் கண்ணீரும் அவர் நெஞ்சில் தங்கின! படித்ததை வெளியே சொல்லலாகாது என்று எந்தச் சட்டமும் அவரிடம் கூறவில்லை. ஊரின் அறம் கூறிற்று. இன்று அந்தத் தாயின் பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அவர்களின் முகமும் குரலும் வந்து சேர்வது கைத்தொலைபேசியிலே. அதில் வாட்ஸ்அப் கணக்கைத் திறந்து கொடுப்பவர் அயல்வீட்டு இளைஞர், அல்லது கடைக்காரர். கடவுச்சொல் அவர் வைத்தது; அது அவருக்கே தெரியும். பழைய கடிதம் ஒருமுறை படிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போயிற்று. இக்கருவியோ ஒவ்வொரு கடிதத்தையும், ஒவ்வொரு படத்தையும், பணம் வந்த செய்தியையும் சேர்த்து வைத்திருக்கிறது. நம்பிக்கையின் சுமை பன்மடங்காகிவிட்டது; அதைத் தாங்கும் அறம் வளர்ந்ததா?

தெரிந்த மனிதரின் கண் ஒருபுறமிருக்க, முகமறியா நிறுவனத்தின் கண் மறுபுறம் இருக்கிறது. வாட்ஸ்அப் 2016 முதல் உரையாடலை முழுமையாக மறைகுறியாக்கி அனுப்புகிறது. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறெவரும் அதைப் படிக்க இயலாது, இது நல்லதே. ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை தொடர்பு கொண்டார் என்பது நிறுவனத்துக்குத் தெரியக்கூடியது. கடிதம் ஒட்டியிருந்தாலும் உறையின் மேல் எழுதியிருப்பதைத் தபாலகம் அறியும் அல்லவா? உறைகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பவன், கடிதத்தைப் பிரிக்காமலே ஒரு குடும்பத்தின் கதையை எழுதிவிடலாம்.

இங்கே இன்னொரு பாடமும் உண்டு. 2018இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில், முகநூலில் ஒரு வினாவிடைச் செயலிக்கு அனுமதி கொடுத்தவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான். அவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால், 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் விபரங்கள் சென்றிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒருவர் தம் தொடர்புப் பட்டியலைத் திறக்கும்போது அதிலுள்ள அத்தனை பேரின் வேலியும் சரிகிறது. ஆகவே அந்தரங்கம் தனியுடைமை அன்று; இரு வளவுகளுக்கும் பொதுவான வேலியைப் போல அது பொதுவுடைமை. ‘நான் கவனமாக இருந்தால் போதும்’ என்பது எவ்வளவு பேதைமை!

இதற்காகத்தானே சட்டம் என்பீர்கள். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் விபரம் திரட்டுவோரின் கடமைகளைக் கூறும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து, நாள் நெருங்கியதும் ஒத்திவைக்கப்பட்டன. தேசிய பாதுகாப்பு முதலியவற்றின் பெயரால் விதிவிலக்குகளும் அதில் உண்டு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ கடும் எதிர்ப்புக்கிடையே விரைந்து நிறைவேறியது. தொல்லை கொடுக்கும் நோக்குடன் பிறரின் அந்தரங்கத்தை வெளியிடுவதை அது குற்றமாக்கியது, அது தேவை. ஆனால் எது பொய்க் கூற்று என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுத்தது. குடிமகனைக் காக்கும் சட்டத்துக்குத் தவணை. குடிமகனின் வாயைக் கட்டக்கூடிய சட்டத்துக்கு அவசரம். வேலியே பயிரை மேயலாம் என்ற அச்சம் வீண் அச்சமன்று.

அயலிலே இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், 2017 ஆகஸ்ட் 24இல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த அவ்வழக்கு ஆதார் திட்டத்தை எதிர்த்து எழுந்தது. அடுத்த ஆண்டின் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்தபோதும், தனியார் நிறுவனங்கள் அதை வற்புறுத்தக் கூடாதென்றது. நம் நாட்டிலும் உடலின் அடையாளங்களை எண்ணோடு பிணைக்கும் டிஜிட்டல் அடையாள அட்டைக்கு இந்திய உதவியோடு ஏற்பாடுகள் நடந்துள்ளன. அட்டையைப் பெறுவதில் உள்ள அவசரம், அந்த நீதிமன்றப் பாடத்தைப் படிப்பதில் நமக்கு இல்லை.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. கருவியைப் பூட்டுவது, வங்கியிலிருந்து வரும் ஒருதடவை எண்ணை எவருக்கும் சொல்லாதிருப்பது, தேவையற்ற செயலிக்குத் தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் மறுப்பது, திருத்தக் கொடுக்குமுன் படங்களை அகற்றுவது, பிறரின் படத்தை அவர் சம்மதமின்றி அனுப்பாதிருப்பது ஆகியவற்றை நம் வாசிகசாலைகளும் மாதர் சங்கங்களும் கற்பிக்கலாம். முதியவருக்குக் கணக்குத் திறந்து கொடுக்கும் இளைஞன், கடவுச்சொல்லை அவரைக் கொண்டே வைப்பித்து, தான் மறுபுறம் திரும்பி நிற்கப் பழகலாம். சிறு செயல்தான், ஆனால் கடிதம் படித்தவரின் பழைய அறம் அதிலே மீண்டும் உயிர்பெறும்.

எழுத்தாளருக்கும் இதில் கடமை உண்டு. ஏழையின் பசியை எழுதிய நாம், அந்தப் பசியைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கையில் அவன் படும் கூச்சத்தை எழுதினோமா? தன் படம் ஊரின் கைகளில் சுற்றுகிறதென்று அறிந்து கதவை அடைத்துக்கொள்ளும் பெண்ணின் பக்கம் நின்று எழுதினோமா? அவளது ‘ஒழுக்கத்தை’ ஆராயும் எழுத்தே நம்மிடம் அதிகம். முதலில் இக்குறையைக் களைய வேண்டும்.

நெடுந்தீவின் கல்வேலிக்குச் சாந்து இல்லை. மாடு உரசினாலும் மழை அரித்தாலும் கல் விழும். விழுந்த கல்லை எடுத்து வைக்க எப்பக்கத்தில் இருப்பவரும் குனியலாம். குனிய ஆளில்லாத வேலி சில ஆண்டுகளில் வெறுங் கற்குவியலாகிவிடும். நம் பக்கத்தில் இப்போது பல கற்கள் விழுந்து கிடக்கின்றன.