படியெடுத்து வைத்த மனச்சான்று

இறந்தவர் ஒருவரின் கடிதங்களைத் திறந்து படிக்கிறபோது நமக்குள் ஒரு கூச்சம் எழுவது இயல்பு. பிறர் பெயருக்கு எழுதப்பட்டதை நாம் படிக்கலாமா என்று மனம் தயங்குகிறது. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் தொடக்ககாலத் தளபதியருள் ஒருவரான ஜான் பால் ஜோன்சின் கடிதங்களைப் படிப்பவர்க்கு இந்தத் தயக்கம் அதிக நேரம் நீடிப்பதில்லை. தம் கடிதங்களைப் பிறரும் படிக்கவேண்டும் என்று விரும்பியவர் அவர். முதன்மையான கடிதங்களுக்குப் படியெடுத்து வைத்தார். சிலவற்றின் படிகளைத் தம்மை மதிக்கவேண்டிய பெரியவர்களுக்கு அனுப்பியும் வைத்தார். அவர் கடிதங்களின் அழகும் குறையும் இந்தப் பழக்கத்திலேயே அடங்கியிருக்கின்றன.

ஜோன்ஸ் 1747-இல் ஸ்காட்லாந்தில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தார். பங்குப் பள்ளியில் சிறிது கற்று, பதின்மூன்றாம் வயதில் கடலுக்குச் சென்றார். 1775-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1779 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையருகே 'செராபிஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை வென்றபோது அவர் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. அவருடைய மருமகள் முறையான ஒருவரிடம் இருந்த கையெழுத்துகளைக் கொண்டு 1830-இல் நியூயார்க்கில் அவர் கடிதத் தொகுப்பு வெளிவந்தது. அலுவல் கடிதங்களில் பெரும்பகுதி பதவி வரிசை பற்றிய முறையீடு. பிடிபட்ட கப்பல்களின் விலையில் மாலுமியர்க்குச் சேரவேண்டிய பங்கு பற்றிய வழக்கு. 1776-இல் தளபதியர் பட்டியலில் பதினெட்டாம் இடத்தில் வைக்கப்பட்டதை அவர் பல ஆண்டுகள் மறக்கவில்லை. இவற்றை நாம் விரைந்து கடந்துவிடலாம். நின்று நோக்கவேண்டியவை வேறு சில உள்ளன.

முதலாவது, 1778 மே 8 அன்று பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து செல்கர்க் சீமாட்டிக்கு எழுதிய கடிதம். அதற்கு இரு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 23 அன்று, 'ரேஞ்சர்' கப்பலிலிருந்து ஜோன்சும் அவர் ஆட்களும் ஸ்காட்லாந்துக் கரையில் இருந்த செல்கர்க் பிரபுவின் மாளிகைக்குச் சென்றனர். பிரபுவைச் சிறைபிடித்து, அவருக்கு ஈடாக ஆங்கிலச் சிறைகளில் வாடிய அமெரிக்க மாலுமியரை மீட்பதே நோக்கம். பிரபு வீட்டில் இல்லை. வெறுங்கையுடன் திரும்ப மாலுமியர் இசையவில்லை. குடும்பத்தின் வெள்ளிப் பாத்திரங்களையாவது எடுத்துச் செல்ல ஜோன்ஸ் அனுமதித்தார். தாம் உள்ளே செல்லாமல் இரண்டு அதிகாரிகளை அனுப்பினார். கருவுற்றிருந்த சீமாட்டி அஞ்சாமல் அவற்றை எடுத்துக் கொடுத்தார்.

இந்தச் செயல் ஜோன்சின் நெஞ்சை உறுத்தியது. பாத்திரங்களைத் தாமே விலைக்கு வாங்கித் திருப்பி அனுப்புவதாக வாக்களித்து அவர் எழுதிய கடிதம் நயமானது. நயம் சற்று மிகையானது என்றும் சொல்லவேண்டும். தம் மென்மையான உள்ளத்தை அவர் விரிவாக எடுத்துரைக்கிறார். மறுநாள் 'டிரேக்' கப்பலுடன் தாம் நடத்திய போரையும் விவரிக்கிறார். போரை நிறுத்தக் கணவரிடம் பேசுமாறும் வேண்டுகிறார். அதன் படி ஒன்று பாரிசில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்குச் சென்றது. பிராங்க்ளினும் பாராட்டி எழுதினார். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் கற்பித்தார். இங்கே வலக்கை செய்ததைப் பாரிஸ் நகரமே அறிந்தது.

ஆகவே இதை வெறும் வேடம் என்று தள்ளிவிடலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. நம் ஒழுக்க இறையியலில் ஈடுசெய்தல் என்பது மனத்துயரின் அளவுகோல். அநியாயமாகப் பெற்றதைத் திருப்பிக் கொடாத வரை, எத்தனை அழகாக வருந்தினாலும் அந்த வருத்தம் நிறைவு பெறாது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கியவுடன் சொன்னது கணக்கைத்தான். ஜோன்சும் கணக்கைத் தீர்த்தார். பிரபு எழுதிய மறுமொழியைப் பகைநாட்டுக்கு அனுப்பாமல் லண்டன் அஞ்சலகத்தார் அவரிடமே திருப்பிவிட்டனர். ஆயினும் ஜோன்ஸ் தம் வாக்கை மறக்கவில்லை. போர் முடிந்தபின், 1785-இல், பாத்திரங்கள் உரியவர் வீட்டை அடைந்தன. பிரபு அதை ஒப்புக்கொண்டு எழுதினார். ஏழு ஆண்டு நினைவில் வைத்துக் கடன் தீர்ப்பது வேடதாரியால் ஆகாது. கடிதத்தில் தற்பெருமை இருந்தது. செயலில் நேர்மை இருந்தது. மனிதச் செயல்களில் பெரும்பாலானவை இத்தகைய கலப்புத்தானே?

இரண்டாவது, 1779 மார்ச்சில் பிராங்க்ளினுக்கு எழுதியது. பிராங்க்ளின் ஒரு கடிதத்தில் ஏதோ ஒரு விவகாரத்தை மறைமுகமாகக் குறிப்பிட்டிருந்தார். ஜோன்ஸ் நடுங்கிப்போனார். 1773-இல் டொபேகோ தீவில், கூலி கேட்டுக் கலகம் செய்த மாலுமியரின் தலைவனை அவர் வாளால் கொன்றிருந்தார். பின்பு அங்கிருந்து தப்பிச் சென்றதும், பிறந்த பெயரோடு 'ஜோன்ஸ்' என்பதைச் சேர்த்துக்கொண்டதும் அதன் விளைவுகளே. அந்த இரகசியம் வெளியாகிவிட்டது என்று எண்ணி முழுவதையும் எழுதிவிட்டார். பிராங்க்ளினோ தமக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது என்று பதிலளித்தார். அவர் கருதியது, களியாட்ட நாளில் ஜோன்சின் சீருடையை வேடிக்கைக்காக அணிந்த ஒரு பணிப்பெண்ணால் எழுந்த வீண்பழியையே!

கேளாமலே செய்யப்பட்ட இந்த அறிக்கையைப் படிக்கையில் சிரிப்பும் வருகிறது. பின் சிரிப்பு அடங்குகிறது. ஆறு ஆண்டுகள் மனத்துள் அழுத்திவைத்த பாரம் ஒரு சொல்லின் தீண்டலில் எப்படிக் கொட்டிவிடுகிறது! ஆனால் கொட்டிய சொற்களை உற்றுநோக்குங்கள். அவை வழக்கறிஞரின் சொற்கள். எதிரியின் முரட்டுத்தனம், தம் இக்கட்டான நிலை, நண்பர்களின் அறிவுரை எல்லாம் வரிசையாக வருகின்றன. இதைத் தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரமாகவே காண்கிறார். இறந்தவனின் பெயர் அதில் இல்லை. அவனுக்கும் அது ஒரு துயரம் என்ற எண்ணம் இல்லை. பாவத்தை அறிக்கையிடுவதும் பாவத்திற்கு விளக்கம் அளிப்பதும் வெவ்வேறு என்பதை ஒப்புரவுத் தொட்டியின் இருபுறமும் முழந்தாளிட்டிருக்கிற நாம் அறிவோம்.

மூன்றாவது, படிப்பதற்கே கசப்பானது. 1788-இல் ருசியப் பேரரசி கேத்தரினின் கடற்படையில் சேர்ந்த ஜோன்ஸ் மீது, 1789 வசந்தத்தில், பீட்டர்ஸ்பர்க் நகரில் பன்னிரண்டு வயதைத் தாண்டாத ஒரு சிறுமியைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. பொட்டெம்கின் இளவரசருக்கு எழுதிய கடிதத்தில் தம்மைச் சூழ்ச்சிக்கு இரையானவராகவே அவர் காட்டினார். நகரக் காவல் தலைவருக்கு அளித்த வாக்குமூலமோ வேறுவிதம்: வன்முறையை மறுத்தார், ஆனால் பணம் கொடுத்து அச்சிறுமியுடன் தகாத முறையில் பழகியதை ஒப்புக்கொண்டார். சூழ்ச்சி இருந்திருக்கலாம். அந்த ஒப்புதலே அவரைக் குற்றவாளியாக்கப் போதுமானது. அவருடைய வீரத்தைப் போற்றிய நூலாசிரியர் பலர் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிட்டனர். நாம் அவ்வாறு செய்தல் ஆகாது. அச்சிறுமி கடிதம் எழுதவில்லை. அவளுக்காகப் படியெடுத்து வைப்பாரும் இல்லை. கடிதத் தொகுப்புகள் எழுதத் தெரிந்தவரின் குரலை மட்டுமே காக்கின்றன. டொபேகோவில் வீழ்ந்த மாலுமியும் பீட்டர்ஸ்பர்க் சிறுமியும் வரிகளுக்கு இடையே மௌனமாக நிற்கிறார்கள். அவர்களையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வாசிப்பு.

இறுதியாக ஒரு சிறு கடிதம். 1790-ஆம் ஆண்டின் முடிவில், பாரிசில் நோயுற்று அறையைவிட்டு வெளியேற இயலாத நிலையில், தம் சகோதரிக்கு எழுதினார். சகோதரிகள் இருவரும் பகைத்துப் பேசாதிருந்தனர். அந்தப் பிளவு தம் நோவை மிகுதிப்படுத்துகிறது என்றும், ஒருவரையொருவர் பொறுத்து ஒன்றாயிருங்கள் என்றும் மன்றாடுகிறார். போர் வருணனை அடங்கிவிட்டது. பதவி முறையீடு மறைந்துவிட்டது. தொகுப்பு முழுவதிலும் தம்மைப் பற்றி நிரூபிக்க ஏதுமில்லாமல் அவர் எழுதிய கடிதம் இதுவே என நமக்குத் தோன்றுகிறது. இலக்கியச் சிறப்பில் செல்கர்க் கடிதம் உயர்ந்திருக்கலாம்; உண்மையில் இதுவே உயர்ந்தது.

1792 ஜூலை 18 அன்று, நாற்பத்தைந்தாம் வயதில், அவர் பாரிசில் இறந்தார். அல்ஜியர்சில் அடிமைப்பட்டிருந்த அமெரிக்கக் கைதிகளை மீட்கும் பணியில் அவரை அமர்த்தி, ஜூன் 1 அன்று தாமஸ் ஜெபர்சன் எழுதிய கடிதம் அப்போது வழியில் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டோரை மீட்பதற்கென்றே நம் திருச்சபையில் திரித்துவ சபையாரும் மெர்சதாரியரும் தோன்றினர் என்பதை இங்கு நினைவுகூரலாம். கைதிகளை மீட்கவே ஜோன்ஸ் அன்று செல்கர்க் மாளிகை வாயிலில் நின்றார். அதே அழைப்பு, அதைப் பெற அவர் இல்லாத நேரத்தில் மீண்டும் வந்தது.

1905-இல் பாரிசில் கண்டெடுக்கப்பட்ட அவர் உடல், இப்போது அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பளிங்குப் பேழையில் உள்ளது. நாடு தன் வீரனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தது. கடிதங்களைப் படிக்கும் நமக்கு உள்ள கடமை வேறு. நாமும் நம்மைப் பற்றி நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பலமுறை, பிறர் காணவேண்டிய படியையே இறைவனிடமும் நீட்டுகிறோம். அவர் படிப்பதோ மூலத்தை. அதில் நாம் எழுதாமல் விட்ட பெயர்களும் இருக்கும்.