கொடி கண்ணீர் விடும் நாள்

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகக் காய்த்துத் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கொடியை வீட்டு முற்றத்திலும் வளர்க்கலாம். தண்ணீர் தேங்காத மண், நாள் முழுக்க வெயில், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பிப் பந்தல் போதும்.

திராட்சை வளர்ப்பின் சூட்சுமம் கத்தரியில்தான் இருக்கிறது. காய்த்து ஓய்ந்த கொடியை அப்படியே விட்டால் இலைதான் மண்டும். பூ வருவது புதுத்தளிரில். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, முற்றிய கிளையில் நாலைந்து கணுக்களை மட்டும் விட்டு வெட்ட வேண்டும். இதற்குப் பெயர் கவாத்து. வெட்டிய நுனியில் நீர் முத்து முத்தாகத் திரண்டு சொட்டும். கொடி அழுகிறதே என்று பதற வேண்டாம். வேர் விழித்துக்கொண்டது என்று பொருள். சில நாளில் கணு பருத்து, பஞ்சு போர்த்த தளிர் விரியும். கூடவே, கடுகினும் சிறிய மொட்டுகள் கொத்தாகத் தலைகாட்டும்.

கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் கருக்கும். அணிலுக்கும் அது தெரியும். ஆனாலும் அவசரப்படாதீர்கள்: பறித்த திராட்சை அதற்கு மேல் பழுக்காது. நிறத்தை நம்பாமல், கொத்தின் நுனியில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுப் பறியுங்கள்.