கள்ளிக்காட்டில் ஏறிய நீர்

குடிதண்ணீர் வராத தெரு, புகை மண்டிய நகரம், வெள்ளம் புகுந்த வீடு என்று எந்தக் கொடுமையைக் கண்டாலும் இப்போது ‘டிஸ்டோபியா’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லின் கூர் இப்படி மழுங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வறட்சி கொடியதுதான், ஆனாலும் அது டிஸ்டோபியா ஆகாது. மனிதர்கள் கூடி யோசித்து, பெரும்பாலும் ஒரு நன்மையின் பேரைச் சொல்லி, ஓர் ஏற்பாட்டை அமைக்கிறார்கள். அதற்குள் அகப்பட்டவர்களுக்கு மட்டும் வாழ வழியில்லை. அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு வேலை வருகிறது. இந்த வேறுபாட்டை எனக்கு நன்றாகக் காட்டிய நூல் தேனிச் சீமை மண்ணிலிருந்து வந்தது: வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’.

வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்துக்காகக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. வைரமுத்து பிறந்த மெட்டூரும் அவற்றில் ஒன்று. சிறுபிள்ளையாக இருந்தபோதே அவர் குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அந்த இழப்பைத்தான் அவர் பேயத்தேவர் என்ற கிழவரின் கதையாக எழுதினார். 2003-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நாவல் நெடுந்தூரம் வரை டிஸ்டோபியா அல்ல. மழை பொய்க்கிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, பிள்ளைகளால் துயரம் வருகிறது. இவை காலங்காலமாக உழவன் கண்ட கஷ்டங்கள். இவற்றோடு மல்லுக்கட்டப் பேயத்தேவருக்குத் தெரியும். இந்தப் பகுதியில் ஆசிரியர் அவசரமே படுவதில்லை. கிணறு வெட்டுவதா, மாடு கன்று ஈனுவதா, ஒவ்வொரு வேலையையும் அதன் கருவி, பக்குவம், பேச்சு எல்லாவற்றோடும் நிறுத்தி வைத்துச் சொல்கிறார். முதல் வாசிப்பில் இதை மண்வாசனைக்காகச் சேர்த்தது என்று நினைத்துக் கடந்துவிடலாம். அணை வரும் சேதி கேட்ட பிறகுதான் அந்த நிதானத்தின் காரணம் புரிகிறது. மூழ்கப்போவது ஒவ்வொன்றையும் நம் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டிருக்கிறார். நில எடுப்புப் பதிவேட்டில் ஏக்கர் உண்டு, மரம் உண்டு, கிணறு உண்டு. எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் பிறக்கும் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதற்கு அங்கே பத்தியே கிடையாது. அந்தப் பத்தியை நாவல் எழுதிச் சேர்க்கிறது.

இது நடந்த கதை, வருங்காலக் கற்பனை அல்ல. இதற்கு அந்தச் சொல் பொருந்துமா என்று கேட்கலாம். 1868-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல்லை வீசியபோது பேசிக்கொண்டிருந்தது கற்பனை நாட்டைப் பற்றியல்ல, அயர்லாந்துக் குடியானவர்களின் நிலத்தைப் பற்றி. நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லதைக் கனவு காண்பவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறதே, ஒவ்வாத அளவு கெட்டதை ஆதரிப்பவர்களுக்கு என்ன பெயர் என்பது அவர் கேள்வி. உழுபவனின் நிலத்திலிருந்து பேச்சுக்கு வந்த சொல்லை உழுபவனின் கதைக்குச் சூட்டுவதில் எந்தப் பிழையும் இல்லை.

இந்த வட்டாரம் அணைக்கு முன்பே அப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் வாழ்ந்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆண்கள் கைரேகை பதிக்கவேண்டும், இரவில் காவலர் கண்ணில் படும்படி தூங்கவேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும் என்றிருந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் மட்டுமே இருக்கும் ‘நாம்’ நாவலை ரஷ்யாவில் ஸம்யாத்தின் எழுதிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அவர் கற்பனை செய்தவற்றில் சில இங்கே தாலுகா அலுவலகக் காகிதத்தில் சட்டமாக இருந்தன.

வைகை அணையின் கதை அவ்வளவு நேரானதல்ல. அதனால்தான் நாவலின் நயமும் கூடுகிறது. பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் முடித்த பெரியாறு அணையால் மேற்கே ஓடிய நீர் இந்தப் பக்கம் திரும்பியது. லோயர் கேம்ப் தொடங்கிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அதே நீர் கீழே வந்து வைகை அணையில் 71 அடி வரை நிற்கிறது, மதுரைக்குத் தாகம் தீர்க்கிறது. அணையைக் கட்டியவர்களில் கொடுங்கோலன் ஒருவனும் இல்லை. ஆர்வெலின் ‘1984’ நாவல் நாயகனுக்கு எதிரே ஒரு முகமாவது சுவரொட்டியில் தெரியும். பேயத்தேவர் யாரைப் பார்த்துக் கை ஓங்குவார்? நூறு ஊருக்கு நல்லது என்ற பதிலுக்கு எதிராக ஒரு கிழவர் என்ன வாதம் வைக்க முடியும்?

கடைசிப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது நீர் வரும் விதம். வெள்ளம் என்றால் ஒரே பாய்ச்சலாக வரும், மனிதன் கையில் கிடைத்ததோடு ஓடுவான். அணைநீர் ஏறும். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க அது நேரம் கொடுக்கிறது. அந்த நேரம்தான் கொல்கிறது. வீட்டுச் சாமான்களைக் காப்பாற்றப் போன பேயத்தேவரை நீர் கொண்டுபோகிறது. அம்மி, உரல், கலப்பை எல்லாம் சந்தையில் மறுபடி வாங்கக் கூடியவைதானே என்று வெளியாள் சொல்லலாம். இத்தனை பக்கங்கள் அவரோடு நடந்துவந்த வாசகனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

பின்னாளில் வைரமுத்து ‘மூன்றாம் உலகப் போர்’ எழுதினார். புவி வெப்பமாதலும் உழவின் அழிவும் அதன் பொருள், களம் இதே தேனி மண். எதிர்காலத்தை நோக்கி எழுதியதால் டிஸ்டோபியா என்ற பட்டியலில் அதைத்தான் எளிதில் சேர்ப்பார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அங்கே ஆபத்தை மாந்தர்கள் வாய்விட்டு விளக்குகிறார்கள், நாம் தலையாட்டிக் கேட்கிறோம். கள்ளிக்காட்டில் அரசுத் திட்டம் என்றால் என்னவென்று யாரும் நமக்கு விளக்குவதில்லை. நம் கண்ணெதிரே வெட்டப்பட்ட ஒரு கிணறு அணைநீருக்கு அடியில் போகிறது.