கேட்டால் அச்சடிக்கும் மெஷின்: கேட்பது யார்?

இனி எவனும் பதிப்பாளர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம், கம்ப்யூட்டரில் கோப்பை ஏற்றினால் போதும், யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஒவ்வொரு பிரதியாக அடித்து அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். பிரிண்ட் ஆன் டிமாண்ட். அமெரிக்காவில் இங்க்ராம் நிறுவனம் 1997இல் தொடங்கிய லைட்னிங் பிரிண்ட் இந்த வழியைப் பெருந்தொழிலாக்கியது. சென்னையில் நோஷன் பிரஸ் 2012இல் வந்தது. நம் தோழர்கள் இதை எழுத்தின் ஜனநாயகம் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். நான் பாதிக் கைதான் தட்டுவேன்.

தட்ட வேண்டியதற்கு முதலில் தட்டிவிடுகிறேன். ஆஃப்செட்டில் பிளேட் செலவும் மெஷினைத் தயார்செய்யும் கூலியும் பத்துப் பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் ஐந்நூறு ஆயிரம் என்று அடித்தால்தான் கட்டும். அந்த ஆயிரத்துக்குச் சேரியில் யாரிடம் காசிருந்தது? பொண்டாட்டி கம்மலை அடகுவைத்துப் புத்தகம் போட்டு, நூலக ஆணை வரும் வருமென்று காத்திருந்து, கடைசியில் கட்டிலுக்கடியில் கரையானுக்குப் படிக்கக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! டிஜிட்டல் மெஷினுக்குப் பிளேட் கிடையாது. இருபது பிரதி போதுமென்றால் இருபதுதான். இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்கிறவன் அடகுக்கடைப் படி ஏறாதவன்.

ஆனால் ஒரு பிரதிக்கு ஆகிற செலவு நூறாவது பிரதியிலும் அவ்வளவாகக் குறைவதில்லை. விலை ஏறத்தான் செய்யும். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ஆரம்பித்த பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக வைத்தார். யார் கைக்குப் போக வேண்டுமென்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இப்போது வருகிற இருநூறு பக்கப் புத்தகத்துக்கு, தபால் செலவும் சேர்த்து, நூறுநாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் முழுநாள் கூலியையும் கொடுக்க வேண்டியிருக்கும். அவளைப் பற்றித்தான் புத்தகம்.

போன வருசம் என் கைக்கு வந்த ஒரு தன்வரலாற்றை வைத்தே சொல்கிறேன். எழுதியவர் பறையடித்துப் பிழைத்து, அதை விட்டு வெளியேறி, ரயில்வேயில் கேங்மேனாக ஓய்வுபெற்றவர். கையெழுத்துப் பிரதியையும் நான் படித்திருந்தேன். அதில் "கேதத்துக்குப் போனா திண்ணைக்கு வெளிய இலையப் போட்டு சோத்த எட்ட நின்னு வீசுவாங்க" என்று இருந்தது. அச்சில் "துக்க நிகழ்வுகளில் எங்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது" என்று வந்திருக்கிறது. எட்ட நின்றவனையும் காணோம், வீசிய கையையும் காணோம். இதற்கு 'மொழிச் செம்மையாக்கம்' என்று தனிக் கட்டணம் வேறு வாங்கியிருக்கிறார்கள். வாசலில் நிற்க வேண்டாம் என்றவர்கள் வாசலை உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். செம்மை என்பது யாருடைய வீட்டுத் தமிழ் என்று நாம் எத்தனை தடவைதான் கேட்பது?

அதே புத்தகத்தில் ஒரே சம்பவம் மூன்று இடத்தில் வருகிறது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய இரண்டு அத்தியாயங்கள் சும்மா பட்டியல். உட்கார்ந்து படித்து, "அண்ணே, இது வேண்டாம், அந்தக் கேங் வேலையை இன்னும் சொல்லுங்க" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. தண்டவாளத்தில் நாற்பது டிகிரி வெயிலில் ஜல்லி தள்ளிய முப்பது வருசம் நாலு பக்கத்தில் முடிந்துபோகிறது. நம் எழுத்து என்பதற்காக இதையெல்லாம் பேசாமல் விட்டால் அதுவும் ஒருவகைத் தீண்டாமைதான்.

டிமாண்ட் என்ற சொல்லுக்கு வருகிறேன். கேட்டால் அச்சடிப்பான், சரி. கேட்பது யார்? 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்கு அம்பேத்கர் தலைமையுரை எழுதினார். சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. உரையைத் தன் சொந்தச் செலவில் 'சாதி ஒழிப்பு' என்ற நூலாகப் போட்டார். 1500 பிரதியும் இரண்டு மாதத்தில் தீர்ந்தது. இரண்டாம் பதிப்பு வருவதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டிருந்தது. அதுவும் சொந்தப் பதிப்புதான். ஆனால் மகத் குளத்திலிருந்து கிளம்பிய ஒரு இயக்கம் அந்தப் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. அயோத்திதாசர் மறைந்த பிறகும் கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலைக்காரர்கள் அவர் நூல்களை அச்சிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டார்கள், அதனால் அச்சானது. கேட்கிற ஆளை எந்தக் கம்பெனியும் கோப்போடு சேர்த்து ஏற்றித் தராது.

எழுதுகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே கொடுக்கிறது. உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். கம்பெனி எண்ணை வாங்கினால் பதிப்பாளர் இடத்தில் கம்பெனி பெயர்தான் ஏறும்.

கேங்மேன் பெரியவரின் புத்தகத்தில் முப்பது பிரதி வாங்கி எங்கள் இரவுப் பள்ளியில் சத்தமாக வாசித்தோம். பெண்கள் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, அச்சான சொல்லுக்கு என்ன சொல் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். 'உணவு பரிமாறப்பட்டது' வந்தபோது சிரித்தார்கள், பிறகு ஒரு கிழவி எழுந்து யார் வீட்டுக் கேதம், யார் வீசியது என்று பெயரோடு சொன்னாள். ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறோம். இந்த முறையில் ஒரு வசதி, கோப்பை மாற்றினால் அடுத்த பிரதியே திருந்தி வரும். மாற்றுவதற்கும் கட்டணம் கேட்கிறார்கள். வசூல் நடக்கிறது.