ஆளுதலும் காத்தலும்

ஒரு சொல்லுக்குப் பொருள் கொள்வதில் நேரும் பிழை, சில வேளைகளில் ஏட்டோடு நின்றுவிடும்; சில வேளைகளில் ஏட்டைக் கடந்து காட்டையும் ஆற்றையும் அழித்துவிடும். கிறிஸ்தவ வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், மனிதனுக்கு இடப்பட்ட கட்டளைகளுள் வரும் 'ஆளுதல்' என்னும் சொல் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று குற்றஞ் சாட்டுவாருமுளர். அஃது அன்று என மறுப்பாருமுளர். இவ்வழக்கிலே மறுப்போர் தரப்பின் வாதங்களையெல்லாம் ஒருங்கே திரட்டித் தரும் நூலொன்று 2015ஆம் ஆண்டில் ரோமாபுரியிலிருந்து வெளிவந்தது. போப்பாண்டவர் பிரான்சிஸ் எழுதிய 'லௌதாத்தோ சீ' என்னும் நிருபமே அது. அதனை ஒரு மதத்தாரின் வீட்டு விவகாரமென்று ஒதுக்கிவிடாமல், பொது நூலாகவே கொண்டு அதன் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்வது நம் நோக்கமாகும்.

மத நூலொன்றை நாம் எடுத்து ஆராய்வானேன் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். அந்நிருபம் வெளிவந்த அதே ஆண்டிலே, அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் காடுகளும் சதுப்பு நிலங்களும் எரிந்த புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிற்று. செப்டம்பர் 25ஆம் நாள் சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களையே மூடும்படி ஆயிற்று. கோயிலுக்குச் செல்வோரும், பள்ளிவாசலுக்குச் செல்வோரும், மாதாகோயிலுக்குச் செல்வோரும், ஒன்றுக்குமே செல்லாதோரும் அப்புகையைச் சரிசமமாகவே சுவாசித்தனர். நிருபமும் தன்னைக் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதென்று சொல்லிக்கொள்ளவில்லை. உலகில் வாழும் ஒவ்வொருவரோடும் பேச விரும்புவதாகவே தொடக்கத்தில் கூறுகிறது. எல்லோருக்கும் எழுதப்பட்டதை எல்லோரும் ஆராய்வதில் தவறில்லை.

முதலில் குற்றச்சாட்டைக் காண்போம். அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் என்பார் 1966ஆம் ஆண்டு டிசம்பரில் ஆற்றிய சொற்பொழிவொன்று, அடுத்த மார்ச்சு மாதத்தில் 'சயன்ஸ்' பத்திரிகையில் வியாசமாக வெளிவந்தது. அவர் கிறிஸ்தவத்தின் பகைவரல்லர், அச்சமயத்தைச் சேர்ந்தவரே. ஆயினும் அவர் கூறியது கடுமையானது. பண்டைக் காலத்தார் மரத்திலும் சுனையிலும் குன்றிலும் ஓர் ஆவி குடியிருப்பதாக நம்பினர். மரத்தை வெட்டுமுன் அவ்வாவியைச் சாந்தி செய்தனர். கிறிஸ்தவம் அந்த ஆவிகளையெல்லாம் ஓட்டிவிட்டது. மரம் வெறும் மரமாயிற்று. குன்று வெறும் கல்லாயிற்று. யாவும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்னும் எண்ணம் மேலோங்கிற்று. அவ்வெண்ணம் பின்னர் விஞ்ஞானத்தோடும் இயந்திரத்தோடும் கைகோத்தபோது, இயற்கைக்குக் கேடு விளைந்தது என்பது அவர் கட்சி. வட ஐரோப்பியக் குடியானவன் நிலத்தை லேசாகக் கீறும் பழைய கலப்பையை விட்டு, எட்டு எருதுகள் இழுக்கும் கனத்த கலப்பையைக் கைக்கொண்ட வரலாற்றையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். குடும்பத்தின் தேவையை அளவாகக் கொண்ட உழவு, ஏரின் வலிமையை அளவாகக் கொண்டதாக மாறிற்று என்பது அவர் கருத்து.

இங்கே நாம் சற்று நின்று நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்திலிருந்து பேயை ஓட்டியது அறிவின் வெற்றியன்றோ? சீர்திருத்தம் பேசும் நாம் அனைவரும் நாள்தோறும் செய்ய முயல்வதும் அதனைத்தானே? ஆனால் பேய்க்கு அஞ்சி வெட்டாதிருந்த மரத்தைப் பேய் போன பின்னர் எதற்காக வெட்டாதிருப்பது? இதற்கு விடை கூறாமல் பேயை மட்டும் ஓட்டிவிட்டவன் பாதி வேலையே செய்தவன். அச்சம் அகன்ற இடத்தில் கடமை வந்து அமர்தல் வேண்டும்; அமராவிடில் அங்கே ஆசை வந்து அமரும். ஒயிட்டின் வியாசம் கிறிஸ்தவர்களை நோக்கி எழுந்ததாயினும், அதன் அம்பு சீர்திருத்தக்காரராகிய நம்மீதும் தைக்கிறது.

இனி மறுப்பைக் காண்போம். நிருபத்தின் இரண்டாம் அத்தியாயம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடாமல் இரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறது. முதலதிகாரத்தில் உள்ள எபிரேயச் சொற்கள் இரண்டும் மென்மையானவையல்ல. 'கபாஷ்' என்பது கீழ்ப்படுத்துதல். 'ராதா' என்பது ஆளுதல். முன்னது, வென்ற நாட்டை அடக்குவதற்கும் வழங்குவது. ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படும்போது வருபவை 'அபாத்', 'ஷமார்' என்னும் வேறு இரு சொற்கள். தமிழ் வேதத்தைப் படிப்போர் அவற்றைப் பண்படுத்துதல், காத்தல் என அறிவர். அபாத் என்பதற்கு ஊழியஞ் செய்தல் என்னும் பொருளும் உண்டு. ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்யும் பணியைக் குறிக்க எண்ணாகமத்தில் இவ்விரு சொற்களே வருகின்றன. ஆகவே தோட்டத்தில் நின்ற முதல் மனிதன் அரசன் மட்டுமல்லன், ஊழியனுமாவான், காவற்காரனுமாவான்.

தமிழருக்கு இவ்வாதம் விளங்குதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அரசன் முறை தவறினால் மழையும் தவறும் என்று பின்னதில் எச்சரித்தார். ஆளுதல் என்பது ஒன்றே. ஆளும் முறையோ இரண்டு. 'ஆளுக' என்னும் சொல் கொடுங்கோலுக்குக் கொடுத்த உரிமைச் சீட்டு ஆகாது.

மேலும், அவ்வேதத்தின் சட்டப் பகுதிகளைப் புரட்டுவார்க்குச் சான்றுகள் பல கிடைக்கும். ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் ஓய்வு கொடுக்க வேண்டும். கூட்டில் குஞ்சோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது. பகைவர் நகரை முற்றுகையிடும்போதுகூடக் கனி தரும் மரங்களை வெட்டலாகாது. போர்க்காலத்திலும் மரத்துக்கு அடைக்கலம் தந்த ஒரு நூலை, மரத்தின் பகையென்று முற்றாகத் தள்ளுவது நியாயமன்று. ஒயிட்டின் வாதத்தில் வேறொரு குறையும் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, அத்தேனியர் நாட்டு மலைகள் மரமும் மண்ணும் இழந்து எலும்புக்கூடு போல் நின்றதைப் பிளேட்டோ தமது 'கிரித்தியாஸ்' நூலில் விவரித்திருக்கிறார். கோடரிக்கு மதம் இல்லை.

இவ்வளவும் மறுப்பின் வலிமை. ஆனால் அதன் மெலிவு ஓரிடத்தில் வெளிப்படுகிறது. கிறிஸ்தவர்கள் சில சமயங்களில் வேதத்தைத் தவறாகப் பொருள்கொண்டதுண்டு என்று நிருபம் ஒப்புக்கொண்டு, விரைந்து மேலே செல்கிறது. 'சில சமயங்களில்' என்பது போதுமா? 1620ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பேக்கன் தமது 'நோவம் ஆர்கனம்' நூலை முடிக்கும்போது, ஆதி மனிதன் வீழ்ச்சியால் இழந்த ஆதிக்கத்தைக் கலைகளாலும் விஞ்ஞானத்தாலும் ஓரளவு மீட்கலாம் என்றார். அவர் தெருவில் போகும் ஓர் அறியாதவர் அல்லர். வேதத்தையும் உலகத்தையும் நன்கறிந்தவர். படித்தோரே பல தலைமுறையாக ஒரு நூலை ஒருவிதமாகப் படித்து வந்தனராயின், குற்றம் படித்தவரிடம் மட்டுமே உள்ளது, படிப்பித்தவரிடம் இல்லை என்று எவ்வாறு தப்ப இயலும்? நிருபம் இக்கேள்வியை நின்று எதிர்கொண்டிருக்க வேண்டும். எதிர்கொள்ளாதது அதன் பெருங்குறை.

குறைகள் வேறும் உள. 246 பத்திகள் கொண்ட இந்நூலில் கூறியது கூறல் மிகுதி. ஜனத்தொகைப் பெருக்கத்தை மட்டும் பழிப்பது, அளவுக்கு மீறி நுகர்வோரின் குற்றத்தை மறைப்பதாகும் என்று ஆசிரியர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அப்பொருளை அவ்வளவோடு விட்டுவிடுவது ஒரு மருத்துவர் நோயின் ஒரு குறியை மட்டும் கேளாமல் விடுவதை ஒக்கும். அரசுகளுக்கும் வர்த்தகர்களுக்கும் புத்தி கூறும் ஐந்தாம் அத்தியாயம், திருச்சபையின் சொந்த நிலத்தையும் செல்வத்தையும் பற்றி அதே கண்டிப்போடு பேசவில்லை.

இனி அதன் சிறப்பைக் கூறாது விடுதல் முறையன்று. இளமையில் இரசாயனத் தொழில் பயின்ற ஆசிரியர், வேத வசனங்களோடு தொடங்காமல், வெப்பமும் நீரும் அழிந்துவரும் உயிரினங்களும் பற்றிய உலக நடப்போடு தொடங்குகிறார். நிலத்தின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதே நூலின் உயிர்நிலை. மலாயாவில் குடியேறிய தமிழரின் வரலாறு தெரிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. காட்டை அழித்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, காட்டில் இறங்கிய கூலிக்குக் காய்ச்சல் கிடைத்தது. இலாபம் கடல் கடந்து சென்றது. மண்ணைச் சுரண்டிய கையும் மனிதனைச் சுரண்டிய கையும் ஒன்றே. மேலும், புகையிடும் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கும் வியாபாரத்தால் புகை குறையாது, சூதாட்டமே வளரும் என்ற ஐயத்தையும் ஆசிரியர் துணிந்து எழுப்புகிறார். நிருபத்தின் பெயரோ, அசிசி நகரத்துப் பிரான்சிஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாடிய துதிப்பாடலின் சொற்களால் ஆனது. அவர் அதனைக் குருமாரின் லத்தீனில் பாடாமல் ஜனங்களின் பேச்சுமொழியில் பாடினார். அத்துறவியையே இயற்கை ஆராய்வோர்க்குக் காவற்புனிதராகக் கொள்ளலாம் என்று ஒயிட் தமது வியாசத்தின் முடிவில் சொல்லியிருந்தார். 1979இல் ரோமாபுரியும் அவ்வாறே அறிவித்தது. வழக்குத் தொடுத்தவர் காட்டிய சாட்சியையே எதிர்தரப்பாரும் ஏற்றுக்கொண்ட விந்தை இது.

ஆயினும் சாட்சி வேறு, செயல் வேறு. எட்டாண்டு கழித்து 2023 அக்டோபரில், அதே போப்பாண்டவர் 'லௌதாத்தே தேயும்' என்னும் சிறு நூலை வெளியிட்டார். தம் முதல் நிருபத்துக்குப் பின்னும் உலகம் போதிய அளவு செயற்படவில்லை என்பதே அதன் சாரம். அதன் நடையில் முன்னைய இனிமை குறைந்து கடுமை கூடியிருந்தது. 2025 ஏப்ரல் 21ஆம் நாள் அவர் காலமானார். அவர் கேட்ட கேள்வி இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.

விடை ஒருவாறு கிடைக்கும் இடம் ஒன்றைக் கூறி முடிப்போம். எத்தியோப்பியாவின் வடபகுதியாகிய அம்ஹாரா நாட்டில், பழைய ஆர்த்தடாக்ஸ் சபையின் தேவாலயங்கள் பல உள்ளன. சுற்றிலும் காடெல்லாம் வயலும் மேய்ச்சல் நிலமுமாக மாறிவிட்டது. வானிலிருந்து எடுத்த படங்களில் பழுப்பு நிறப் பரப்பின் நடுவே பச்சை வட்டங்கள் புள்ளி புள்ளியாய்த் தெரிகின்றன. ஒவ்வொரு பச்சை வட்டத்தின் நடுவிலும் ஒரு தேவாலயம். ஆலயத்தைச் சூழ்ந்த காடு ஆலயத்தின் ஆடை என்பது அம்மக்களின் கொள்கை. அந்நாட்டுக் காட்டியல் அறிஞர் அலெமாயேஹு வாசியே என்பார் அக்காடுகளை ஆராய்ந்தார். அமெரிக்க அறிஞர் மார்கரெட் லோமனும் அவருடன் சேர்ந்து பணியாற்றினார். மாடுகள் புகுந்து இளங்கன்றுகளை மிதிப்பதைத் தடுக்கச் சில கிராமங்களில் குருமாரும் குடியானவரும் சேர்ந்து கற்சுவர் எழுப்பினர். சுவருக்கான கற்கள் அவர்கள் வயல்களிலேயே கிடந்தவை. கல் அகன்றதால் வயலும் பயன்பெற்றது. அக்காடுகளுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அயல்நாட்டு யூக்கலிப்டஸ் மரம் சில இடங்களில் உள்ளே புகுந்துவிட்டது, ஓரங்கள் தேய்கின்றன. ஆனாலும் நிற்கும் காடு நிற்கிறது.

அவர்கள் படித்த ஆதியாகமமும் பேக்கன் படித்த ஆதியாகமமும் ஒன்றேயல்லவா? அங்கே பொருள் வேறாயிற்று. ஏன்? அவர்கள் 'காத்தல்' என்னும் சொல்லுக்கு அகராதியில் அன்று, கல்லிலும் மண்ணிலும் பொருள் எழுதினார்கள். பேய்க்கு அஞ்சி அல்ல. தமக்கு உரியதல்லாத ஒன்று தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற உணர்ச்சியாலேயே காத்தார்கள். அவ்வுணர்ச்சிக்கு விஞ்ஞானம் துணைவந்தபோது இரண்டும் ஒன்றையொன்று வெட்கப்படுத்தவில்லை. முன்னர் நாம் எழுப்பிய கேள்விக்கு இதுவே விடை: அச்சம் இருந்த ஆசனத்தில் கடமையை அமர்த்தலாம், அமர்த்தியோர் உளர்.

ஆகவே, ஆதியாகமத்தின் உண்மைப் பொருள் யாது என்னும் வழக்கு எபிரேய இலக்கணத்தால் மட்டும் தீர்வதன்று. அந்நூல் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. எப்பொருளைத் தெரிந்துகொள்கிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே கிறிஸ்தவரின் பொறுப்பு. இங்கிலாந்துத் திருச்சபையின் செல்வத்தை நிர்வகிப்போர் 2023ஆம் ஆண்டில், பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் தாம் வைத்திருந்த பங்குகளை விட்டொழிப்பதாக அறிவித்தனர். அது விலை கொடுத்துச் செய்த பொருளுரை. ஆயிரம் பிரசங்கத்துக்கு ஈடானது. எந்தச் சமயத்தாராயினும், எச்சமயமும் வேண்டாதவராயினும், தம் கையிலுள்ள நிலத்தின் கணக்கைத் திறந்து காட்டட்டும். அவர் தம் நூலை எவ்வாறு படித்தார் என்பதை நாம் அக்கணக்கிலிருந்தே தெரிந்துகொள்வோம்.