ஒரே பாட்டில் உச்சம்: நாஸியா ஹசனின் மும்பைக் கணக்கு

1980இல் வெளியான ஃபெரோஸ் கானின் 'குர்பானி' படத்துக்கு இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி. ஆனால் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் இசையமைக்காத 'ஆப் ஜைசா கோயி'தான். ஜீனத் அமன் திரையில் தோன்றிய அந்தப் பாட்டைப் பாடியவர், கராச்சியில் பிறந்து லண்டனில் வளர்ந்த நாஸியா ஹசன் என்ற பள்ளி மாணவி. இசை பித்து அப்பையா. பெங்களூரில் பாட்டுக்குழு நடத்திவிட்டு லண்டனுக்குப் போய், 1974இல் 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டின் மூலம் உலகப் புகழ் பெற்றவர்.

இசைக்குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் மைக் முன் நிற்பது அன்றைய மும்பை வழக்கம். இந்தப் பாட்டு பதிவான லண்டன் ஸ்டூடியோவிலோ டிரம்ஸ், பேஸ் கிட்டார், குரல் ஒவ்வொன்றும் தனித்தனி டிராக்கில் பதிவாயின. நாஸியாவின் குரல் மெல்லியது, சற்றே மூக்கில் ஒலிப்பது; லதா, ஆஷாவின் வீச்சு அதில் இல்லை. பித்து அந்தக் குரலையே இரட்டித்து, எதிரொலி சேர்த்து, தாளத்தின் மேல் மிதக்கவிட்டார். குறையை மறைக்காமல் அதையே அடையாளமாக்கியதுதான் கெட்டிக்காரத்தனம். பயிற்சி பெற்ற குரல் பாடியிருந்தால் பாட்டு இத்தனை புதிதாக ஒலித்திருக்காது.

1981இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தபோது வயது 15. அதே ஆண்டு தம்பி ஜோஹேபுடன் வந்த 'டிஸ்கோ தீவானே' ஆல்பம், சினிமாவைச் சாராமலும் பாட்டு விற்கும் என்று காட்டியது. 1982இன் 'ஸ்டார்' படம் ஓடவில்லை. அதில் அவர் பாடிய 'பூம் பூம்' ஓடியது. பிறகு வந்த ஆல்பங்கள் 'யங் தரங்' (1984), 'ஹாட்லைன்' (1987), 'கேமரா கேமரா' (1992). கடைசி இரண்டில் பழைய வேகம் இல்லை.

இந்த இறக்கத்துக்குக் குரலைக் குறை சொல்லிப் பயனில்லை. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், மும்பையின் அன்றாடப் பின்னணிப் பாடல் சந்தையில் ஒருபோதும் நிற்கவில்லை. மும்பைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப்பை ஒப்பிட்டால் இது புரியும். 1980இல் 'ஹரி ஓம் ஹரி' பாடிய அவர், மேடை, விளம்பரம், பல மொழிப் பாடல்கள் என்று விடாமல் பாடினார். டிஸ்கோ அலை வடிந்த பிறகும் நிலைத்தார். நாஸியாவின் ஒலியோ பித்துவையும் அந்தக் காலத்தையும் நம்பியிருந்தது. காலம் நகர்ந்ததும் அது பின்தங்கியது.

2000 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில், நுரையீரல் புற்றுநோயால், 35ஆம் வயதில் நாஸியா காலமானார். 2012இல் 'ஸ்டூடன்ட் ஆஃப் தி இயர்' படத்துக்காக 'டிஸ்கோ தீவானே' பாட்டு புதுப்பிக்கப்பட்டது. பாடியோர் பட்டியலில் சுனிதி சௌஹான், பென்னி தயாள் ஆகியோருடன் நாஸியா ஹசன் பெயரும் இருக்கிறது.